எல்லா டிக்கெட்டிலும் தன் நம்பரைப் போட்ட லோகநாயகி அம்மையாருக்கு

சிதம்பரம் கீழவீதி சபர் டிராவல்ஸ் நிறுவனத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் பயணச்சீட்டுப் பிரிவைத் தனியொருவராகத் தாங்கி நின்று, அகவை அறுபது நிறைந்து, இன்று பணிநிறைவு பெறும் அன்பும் அறிவும் ஆற்றலும் அடங்காச் சினமும் ஒருங்கே அமைந்த அருமை அக்கா திருமதி லோகநாயகி அவர்களுக்கு, சிதம்பரம், கடலூர் ஆகிய இரு அலுவலகப் பணியாளர்களும் சேர்ந்து வாசித்தளிக்கும் மடல்.

பறக்காமலே பல்லாயிரம் பேரைப் பறக்கவைத்த பயண நாயகியே, காத்திருப்பு இசையைக் கேட்டுக் கேட்டே காது தேய்ந்த கருணை உள்ளமே, வாடிக்கையாளர் சேவை என்ற பெயரில் நடக்கும் வதையை வாடாமல் வதங்காமல் வென்று வந்த வீரத் திருமகளே, வணக்கம்.

செந்தமிழ் இதோடு போதும் அக்கா. இந்த மடலை எழுதும் வேலையைக் கடலூர் கிளையில் இருக்கும் ஆரோக்கியராஜ் தலையில் கட்டினார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டப்போகிற மடல், கண்ணியமாக எழுது என்று நம் முதலாளி இஸ்மாயில் பாய் சொல்லி அனுப்பினார். ஆனால் தங்கள் பணிக்காலத்தில் பாதிக்கு மேல் மலிவு விமானக் கம்பெனிகளோடு போனில் கழிந்தது. கண்ணியமாக மட்டும்தான் எழுத வேண்டும் என்றால் அந்தப் பாதியை விட்டுவிட வேண்டியிருக்கும். அதற்கு மனம் வரவில்லை. எரிச்சலையும் சேர்த்தே எழுதியிருக்கிறோம், பாய் பொறுத்துக்கொள்ளட்டும். எந்தக் கம்பெனி என்று பெயர் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் வழக்குப் போடுவார்கள். அதற்கு மட்டும் உடனே ஆள் வந்துவிடும்.

தாங்கள் தொண்ணூற்றேழில் வேலையில் சேர்ந்தபோது டிக்கெட் என்பது சிவப்பு கார்பன் ஒட்டிய காகிதம். சென்னையில் விமானக் கம்பெனி ஆபீசுக்கு போன் போட்டால் மனிதக் குரல் எடுத்துப் பேசும், சாப்பிட்டாச்சா என்று கூடக் கேட்கும். அப்புறம் மலிவு விமானங்கள் வந்தன. பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் ஒரு வீட்டுக்கு ஒருவர் போன இடத்தில் மூவர் போனார்கள். சிப்காட்டில் வெல்டிங் பழகிய பிள்ளைகளும் பாஸ்போர்ட்டோடு வந்து நம் கவுன்டர் முன்னால் நின்றார்கள். இதெல்லாம் நல்லதுதான், மறுக்கவில்லை. டிக்கெட் மலிவானதோடு சேர்த்து டிக்கெட் வாங்கியவனும் மலிவாகிப் போனான் என்பதுதான் தங்கள் மனத்தாங்கல். அதைத் தாங்கள் பாய் முன்னிலையிலேயே பலமுறை சொல்லியிருக்கிறீர்கள்.

அந்தத் தொங்குத் தராசை எப்படி மறப்பது. கையில் கொண்டுபோகும் பை ஏழு கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு கம்பெனி சட்டம் போட்டது. தாங்கள் மீன் மார்க்கெட் வரைக்கும் போய் நல்ல தராசாகப் பார்த்து வாங்கிவந்து ஆபீஸ் வாசலில் மாட்டினீர்கள். ஊருக்குப் போகிற ஒவ்வொருவரும் பையைக் கொண்டுவந்து அதில் தொங்கவிட்டு, கூடினால் எறா கருவாட்டை எடுத்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் வண்டி ஏறினார்கள். அப்படியும் விமான நிலையத்தில் எல்லார் பையும் ஒன்பது கிலோ காட்டியது. தாங்கள் அந்தக் கம்பெனிக்கு போன் போட்டுக் கேட்டது எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம்.

"தம்பி, எங்க தராசுல ஏழு, உங்க தராசுல ஒம்போது. சிதம்பரத்துலேர்ந்து சென்னைக்கி வர்ற வழியில கருவாடு குட்டி போடுதா? அத மட்டும் சொல்லிடுங்க, நான் வெச்சிடறேன்."

அந்தத் தம்பி, தங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று சொல்லிவிட்டு, இந்த உரையாடலுக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்டார். தாங்கள் வைக்கவில்லை. இன்னொரு ஒன்றே கால் மணி நேரம் பேசினீர்கள். அடுத்த வாரம் அந்த கவுன்டரில் வேறு தராசு இருந்ததாக நம் பயணிகள் வந்து சொன்னார்கள். தங்கள் பேச்சால் மாறியதா, தானாக மாறியதா, தெரியாது. நாங்கள் தங்கள் கணக்கில்தான் வைத்திருக்கிறோம்.

கிள்ளை தங்கம்மாள் விவகாரத்தையும் சபை அறிய வேண்டும். எழுபத்தெட்டு வயது, முழங்கால் மடங்காது, சிங்கப்பூரில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகிறார். சக்கர நாற்காலி வேண்டும் என்று தாங்கள் டிக்கெட்டிலேயே எழுதிவைத்தீர்கள். பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு கம்பெனியிலிருந்து நேராக அந்த அம்மாவுக்கே போன் போய், படி ஏறுவீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் கடற்கரைப் பக்கத்துப் பெண்பிள்ளையிடம் அப்படிக் கேட்கலாமா? ஏன் ஏறமாட்டேன், நேத்து வரைக்கும் படகுல ஏறி எறங்குனவதான் என்று அவர் ரோஷமாகச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், நாற்காலி ரத்து.

தாங்கள் இரண்டு மணி பத்து நிமிடம் போனில் இருந்தீர்கள். பிறகு ஆள் கிடைத்ததும் சொன்னீர்கள்: "அவுங்க படகுல ஏறுவாங்க கண்ணு, நான் இல்லேங்கல. படகு அவுங்க நிக்கிற எடத்துக்கு வந்து நிக்கும். உங்க பிளைட்டு அர கிலோமீட்டர் தள்ளி நிக்கிது. அத இங்க கொண்டாந்து நிறுத்துங்க, நாற்காலி வேணாம்."

நாற்காலி வந்தது. தங்கம்மாள் அதில் உட்கார்ந்து போன படத்தை மகன் அனுப்பினார். அதைப் பார்த்து அன்று முழுக்க ஆபீசில் தாங்கள்தான் அதிகம் சிரித்தீர்கள்.

இப்படி எத்தனையோ. போனில் ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும் என்று போய், ஒன்பதை அழுத்தினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும் அந்தச் சுற்றுப் பாதை. கம்ப்யூட்டரில் எழுதிப் பதில் சொல்லும் இயந்திரத்திடம் "ஆள் வேணும்" என்று தாங்கள் பத்தொன்பது முறை எழுதியதும், அது பத்தொன்பது முறையும் தங்கள் உணர்வைப் புரிந்துகொள்கிறேன் என்று சொன்னதும். காத்திருக்கும்போது வரும் அந்த ஒரே பாட்டு. நம் ராஜவேல் பைக்கில் வரும்போது தன்னையறியாமல் அதைத்தான் முணுமுணுக்கிறான். அவனுக்குப் பெண் பார்க்கும் நேரத்திலாவது அது நிற்க வேண்டும்.

இந்தக் கோபத்துக்கெல்லாம் வேர் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் இந்த மடல் நிறைவு பெறாது.

இரண்டாயிரத்து எட்டில் பரங்கிப்பேட்டை நவ்ஷாத் சவுதியில், தம்மாமில் வேலையில் இருந்தார். அவர் அத்தாவுக்கு உடம்பு முடியாமல் போனது. தகப்பன் முகத்தை உயிரோடு பார்த்துவிட வேண்டும் என்று கேட்டார். தாங்கள்தான் டிக்கெட் போட்டீர்கள், தொடர்பு எண் கட்டத்தில் அவர் கொடுத்த எண்ணைப் போட்டீர்கள். அது அவர் வேலை செய்த கம்பெனி கொடுத்த சிம். விடுப்பில் கிளம்பும்போது அதை மேனேஜரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வர வேண்டும், கொடுத்துவிட்டார். காலை ஒன்பது மணி விமானத்தை ஐந்து மணிக்கே கிளப்பப் போவதாக அந்த எண்ணுக்குச் செய்தி வந்திருக்கிறது. அந்தச் செய்தி மேனேஜரின் மேசை இழுப்பறையில் கிடந்தது. நவ்ஷாத் ஆறு மணிக்கே போய் நின்றார். விமானம் போய்விட்டிருந்தது. நாங்கள் தகவல் அனுப்பிவிட்டோம், எங்கள் பொறுப்பு முடிந்தது என்று கவுன்டரில் சொன்னார்கள். மறுநாள் வேறு விமானத்தில் அவர் ஊர் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

நவ்ஷாத் தங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவர் அம்மா அமீனா பீவியும் சொல்லவில்லை. தாங்கள்தான் அந்தப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "இந்தக் கட்டத்துல என் நம்பரு இருந்திருந்தா அந்தப் புள்ள போயி சேந்துருக்கும்" என்று சொன்னீர்கள். அன்றிலிருந்து சபர் டிராவல்ஸ் போடும் ஒவ்வொரு டிக்கெட்டிலும் தொடர்பு எண் கட்டத்தில் தங்கள் எண்தான். பயணி எண் எதுவானாலும் அது இரண்டாவதாகத்தான் வரும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பாய் பெயர் தெரிகிறதோ இல்லையோ, தங்கள் பத்து இலக்கம் முதல் நாளே தெரிந்துவிடும். எங்கள் விரல்கள் பார்க்காமலே அதை அடிக்கும்.

பதினேழு ஆண்டுகளாக ஊரார் விமானம் தாமதமானாலும், ரத்தானாலும், நேரம் மாறினாலும் கூவியது தங்கள் கைப்பேசி. செய்தி வந்த அடுத்த நிமிடம் தாங்கள் பயணி வீட்டுக்கு போன் போட்டுச் சொல்லிவிடுவீர்கள். தங்கள் மகள் சுவேதா கழுத்தில் தாலி ஏறும் நேரத்திலும் அது கூவியது. குவைத் விமானம் மூன்று மணி நேரம் தாமதம். பெண்ணைப் பெற்றவர் அட்சதையை ஒரு கையில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் லால்பேட்டைக்கு போன் போட்டதைக் கல்யாண வீடியோவில் இன்றும் பார்க்கலாம். சம்பந்தி வீட்டார் முகம் எப்படி இருந்தது என்பதும் அதிலேயே இருக்கிறது.

அந்தச் சுவேதா மஸ்கட்டில் வாழ்க்கைப்பட்டு, உண்டாகி, தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வர வேண்டும். அது நம் பக்கத்து முறை. முப்பத்தொன்றாவது வாரத்தில் டிக்கெட், டாக்டர் கடிதம் எல்லாம் தயார். தங்கள் வீட்டில் தொட்டில் கட்டக் கொக்கி அடித்தாயிற்று. விமானத்தை ரத்து செய்தார்கள். பத்து நாள் கழித்து வேறு விமானம் கொடுத்தார்கள். பத்து நாள் கழித்து வயிற்றோடு போய் நின்றால், முப்பத்திரண்டு வாரம் தாண்டிவிட்டது, எங்கள் விதிப்படி ஏற்ற முடியாது என்கிறார்கள். தாண்டவைத்தது யார்? அதற்கு அவர்களிடம் மதிப்பெண் கேட்கும் கேள்விதான் இருந்தது. வேறு கம்பெனிகளைக் கேட்பதற்குள் இனிமேல் பறக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஊர்ப் பிள்ளைகளுக்காக மணிக்கணக்கில் போனில் சண்டை போட்ட தாங்கள், அன்று போனைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி எடுக்கவேயில்லை. டீ ஆறிப்போனது. பிரசவ நேரத்துக்கு நீங்கள் போய்விடுங்கள் என்று பக்கத்து மேசைச் சமீரா சொன்னதற்கு, "கொழந்த பொறந்தப்பறம் போயிக்கிறேன், டிக்கெட்டு கெடைக்கிறப்ப கெடைக்கட்டும்" என்றீர்கள். ஊருக்கெல்லாம் டிக்கெட் போட்ட கைக்குத் தனக்கென்று ஒன்று போட மனம் வரவில்லை. எங்களுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

ஆகவே சுவேதாவிடம் ரகசியமாகப் பேசி, விசா வாங்கி, ஆபீசில் இருந்த தங்கள் பாஸ்போர்ட் நகலை வைத்து டிக்கெட் போட்டோம். ஆகஸ்ட் இருபத்தைந்து, சென்னையிலிருந்து மஸ்கட். பிரசவ நாள் செப்டம்பர் மூன்று. இன்று இந்த மேடையில் உறையில் வைத்துக் கொடுத்து, தங்கள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும் என்பது திட்டம். பதினெட்டாம் தேதி, திங்கட்கிழமை, அந்த விமானத்தையும் ரத்து செய்துவிட்டு, அவர்களாகவே தங்களைச் செப்டம்பர் ஏழாம் தேதிக்கு மாற்றினார்கள். மறுநாள் டிக்கெட்டை அச்செடுக்கப் போன சமீராதான் பார்த்தாள். பிரசவம் முடிந்து நான்கு நாள் கழித்துப் போய் என்ன செய்வது. விடுமுறை முடிந்து திரும்பும் கூட்டத்தில் வேறு எந்த விமானத்திலும் இடமில்லை.

தங்களிடம் சொல்லியிருந்தால் ஒரு போனில் தீர்த்திருப்பீர்கள். ஆனால் ஆச்சரியம் போய்விடுமே. ஒரு முறையாவது தங்களுக்காக நாங்கள் சண்டை போட்டுப் பார்ப்போம் என்ற வீம்பும் இருந்தது. புதன்கிழமை காலை, பேங்க் வேலை என்று தங்களிடம் பொய் சொல்லிவிட்டு, சமீராவும் ராஜவேலும் கடலூர் கிளைக்கு வந்தார்கள். சமீராவின் போனை நடுவில் வைத்துக்கொண்டு, ஆரோக்கியராஜையும் சேர்த்து மூன்று பேரும் போன் வரிசையில் நின்றோம். அந்தப் பாட்டு மூன்று மணி ஐம்பத்திரண்டு நிமிடம் பாடியது. இரண்டு முறை ஆள் வந்தார்கள். ஒருவர் எங்களை இன்னொரு பிரிவுக்கு மாற்றினார், அந்தப் பிரிவில் இருந்தவர் முதல் பிரிவுக்கே மாற்றினார். ராஜவேல் வெளியே போய்ச் சுவரை ஒரு உதை உதைத்துவிட்டு வந்தான், நொண்டிக்கொண்டு. இதைத் தாங்கள் பதினேழு வருஷமாகத் தனியாகச் செய்தீர்கள் என்பது அன்றுதான் எங்களுக்கு உண்மையாக உறைத்தது.

கடைசியில் ஒரு பெண் பேசினாள். விவரம் கேட்டாள், தேடினாள். பிறகு சொன்னாள்: "மேடம், இந்த புக்கிங்ல பேசஞ்சரே பேசி மாத்திட்டாங்களே. இருபத்தாறாம் தேதி கன்ஃபார்ம் ஆயிடுச்சு. ஒன்னர மணி நேரம் ஆவுது. நீங்க யாரு?"

ராஜவேல் கம்ப்யூட்டரைத் திறந்து அன்று டிக்கெட் போட்டதை எடுத்துப் பார்த்தான். தொடர்பு எண் கட்டத்தில் தங்கள் எண். பழக்க தோஷம் அக்கா, அவன் விரல் தானாக அடித்திருக்கிறது. யாருக்குத் தெரியக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு டிக்கெட் போட்டோமோ, அவருக்கே ரத்துச் செய்தியை முதலில் போகவிட்டிருக்கிறோம். வேறெந்த டிராவல்ஸிலும் இந்தத் தப்பு நடக்காது.

ஆக, திங்கட்கிழமையே தங்களுக்கு எல்லாம் தெரியும். பயணி பெயர் லோகநாயகி என்று வந்த செய்தியைப் படித்துவிட்டு, அதற்குப் பிறகும் எங்களோடு உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டீர்கள். விழாவுக்கு என்ன நிறச் சேலை என்று சமீராவிடம் யோசனை கேட்டீர்கள். புதன்கிழமை நாங்கள் கடலூருக்குக் கிளம்பியதும், தாலுகா ஆபீஸ் வரைக்கும் போய்வருகிறேன் என்று ஆபீசில் மீதமிருந்த மலர்க்கொடியிடம் பொய் சொல்லிவிட்டு, தெற்கு வீதி ஜெராக்ஸ் கடை பெஞ்சில் போனோடு உட்கார்ந்திருந்தீர்கள். கடைக்காரரே வந்து சொல்லிவிட்டார், மறைக்க வேண்டாம். நாங்கள் கடலூரில் காத்திருந்த அதே வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவர் தாங்கள்தான். எங்கள் ஆச்சரியத்தைக் கெடுக்க மனமில்லாமல், டிக்கெட்டைச் சரிசெய்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல இன்று இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உறையைக் கொடுக்கும்போது எப்படி வியப்பது என்று வீட்டில் பழகியும் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிரமம் இனி வேண்டாம்.

அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். "கான்டாக்ட் நம்பரும் மாத்தியிருக்காங்க மேடம். கடைசி மூணு, நாலு ஒம்போது ஆறு."

சமீரா போனைக் காதிலிருந்து எடுத்து அதையே பார்த்தாள். அது அவளுடைய எண். டிக்கெட் மாறிய செய்தி ஒன்றரை மணி நேரமாக, நாங்கள் காத்திருந்த அதே போனில் படிக்காமல் கிடந்தது.

பல்லாயிரம் பேரின் டிக்கெட்டில் தன் எண்ணைப் போட்டவர், தன் பெயரில் வந்த முதல் டிக்கெட்டில் தன் எண்ணைப் போடவில்லை. நம் ஆபீஸ் வழக்கம் அதுதானே. பயணி நிம்மதியாகக் கிளம்ப வேண்டும், செய்தியைக் கவனிக்க ஆபீசில் ஒரு ஆள் இருக்க வேண்டும். அந்த ஆளாக எங்களில் ஒருத்தியை வைத்தீர்கள். சமீரா கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள். இந்த மடலில் தங்களைப் பாராட்ட நாங்கள் எழுதிய எதுவும் தாங்கள் அந்தக் கட்டத்தில் எழுதிய பத்து இலக்கத்துக்கு ஈடாகாது.

ஆகவே அக்கா, தாங்கள் பேரப்பிள்ளையை மடியில் ஏந்தி, முழங்கால் வலியின்றி, இரத்தக் கொதிப்பின்றி, எந்தக் காத்திருப்பு இசையும் காதில் விழாமல், நூறாண்டு கடந்தும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். சன்னல் ஓரத்து இருக்கைதான் போட்டிருக்கிறோம். எவனாவது மாறி உட்காரச் சொன்னால் மாறாதீர்கள்.

இனி வரும் நாலு வரி அச்சில் இருக்காது, இன்று காலை பேனாவால் சேர்த்தது. ஒன்பது மணிக்குச் சமீராவின் போனுக்குச் செய்தி வந்திருக்கிறது, செவ்வாய்க்கிழமை தங்கள் விமானம் ஒரு மணி ஐந்து நிமிடம் தாமதமாகக் கிளம்புமாம். வரவேற்புரை ஆற்ற வேண்டிய ராஜவேல் ஏன் மேடையில் இல்லை என்று தாங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்திருப்பீர்கள். அவன் மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் போனோடு வரிசையில் நிற்கிறான். தாங்கள் எழுந்து போக வேண்டாம். நாங்கள் பேசிக்கொள்கிறோம், தாங்கள் பெட்டியைக் கட்டுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் எண்ணை இன்னும் மறக்காத,
சபர் டிராவல்ஸ் பணியாளர்கள்,
சிதம்பரம், கடலூர்.
23-08-2025